கார் ரேடியோவை அணைத்த பிறகு

எனக்கு நடக்க இருந்த கல்யாணம் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நின்றுபோனது. ஒரு கார் ரேடியோவால் நின்றது என்று சொன்னால் என் மகள்கள் நம்புவதில்லை. அது பாடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை, அணைத்த பிறகுதான் எல்லாம் நடந்தது என்றால் இன்னும் நம்ப மாட்டார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. அன்றைக்கு அந்தத் தெருவில் நின்ற பலரும் இப்போது இல்லை. ஆகையால் நானே எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். பின்கட்டில் நைனாவின் தறிகள், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முன்னறையில் என் அண்ணன் மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, எதுவானாலும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் மூங்கில் உச்சியில் ஏறும். நைனாவுக்கு அந்தத் தொழில் பிடிக்கவில்லை. "ஊருக்கே கத்தறதுக்கு ஒரு கடை" என்பார். ஆனாலும் அண்ணன் சம்பாதித்தான், நைனா வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வாலாஜாபாத்காரர். மெட்ராஸில் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரும்புத் தகட்டை மிஷினுக்கு அடியில் வைத்தால் அது ஒரே இடியில் வளைத்துக் கொடுக்கும், அந்த மிஷினை ஓட்டுகிறவர். அப்பா இல்லை. அம்மா உண்டு. சம்பந்தம் பேசியதெல்லாம் அவருடைய தாய்மாமன். நல்ல உயரம், வெண்கலக் குரல், எந்தச் சபையிலும் முதல் வார்த்தை அவருடையதாகத்தான் இருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்று பக்கத்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எல்லாப் பேச்சும் நடக்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் "இன்னா?" என்று திருப்பிக் கேட்பது எங்களுக்குச் சாதாரணம். நைனா மாப்பிள்ளையிடம் கம்பெனியில் லீவு எப்படி என்று கேட்டார். அவர் சிரித்தார், தாய்மாமன் பதில் சொன்னார். பெரியம்மா ஏதோ கேட்டாள். அவர் சிரித்தார், அதற்கும் தாய்மாமனே பதில் சொன்னார். "எவ்ளோ அடக்கம் பாரு" என்று அம்மா உள்ளே வந்து என் காதில் சொன்னாள்.

வந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பாடச் சொன்னாள். மார்கழியில் கோயிலில் பாடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதனால் தயங்காமல் ஒரு பக்திப் பாட்டைப் பாடினேன். பாதியில் ஒருமுறை தலையைத் தூக்கினேன். அவர் கண்ணை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வெற்றிலை மடித்துக்கொண்டும் விசிறிக்கொண்டும் இருந்தார்கள். என் பாட்டை இவ்வளவு கவனமாக யாருமே கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பிலேயே சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடத்துவதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில் சாயங்காலமானால் கரண்டை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் இல்லாவிட்டால் அண்ணனின் ரெக்கார்டு பிளேயர் சுற்றாது. ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவன் சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் பாட்டில்லாமல் நிற்பதா என்று அவன் குமைந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் நைனா நெய்து கொடுக்கும் பட்டுக்கடை முதலாளி, மாப்பிள்ளையை அழைத்து வரத் தன்னுடைய புதுக் காரைத் தருவதாகச் சொன்னார். அந்தக் காரில் ரேடியோ இருந்தது. கம்பெனியிலேயே டாஷ்போர்டுக்கு நடுவில் பதித்து அனுப்பியது. அதற்குக் கீழே வரிவரியாகத் துளை போட்ட தகடு, அதன் பின்னால் ஸ்பீக்கர். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தக் கார் வந்தால் ரேடியோவைப் பார்க்கத்தான் ஓடுவார்கள்.

அண்ணனுக்கு வழி கிடைத்துவிட்டது. அவனிடம் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது, தெருத்தெருவாக அறிவிப்புச் செய்வதற்கு வைத்திருந்த பெட்டி. அதைக் காரின் டிக்கியில் வைத்து, கார் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்து, ரேடியோப் பாட்டை அதற்குள் விட்டு, பந்தல் குழாயில் பாடவைப்பது என்று முடிவு செய்தான். முதலாளி ஒரே நிபந்தனை போட்டார்.

"என் ரேடியோவைக் கழட்டக்கூடாது. ஒரு ஒயரைக்கூட வெட்டக்கூடாது."

"ஒண்ணையும் வெட்ட மாட்டேங்க. ஸ்பீக்கர் முதுகுல ரெண்டு கம்பியை வெச்சு ஈயம் பத்தவெச்சுக்கினு வந்துடறேன். கல்யாணம் முடிஞ்சதும் எடுத்துட்டா தெரியவே தெரியாது" என்றான் அண்ணன்.

நலங்கு வைத்த பிறகு என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பேட்டரிக் கம்பிகளை மாட்டிப் பெட்டியை டிக்கியில் இறக்கினான். இறக்கியதும் படீரென்று நீலமாக ஒரு பொறி பறந்தது. முதலாளியின் டிரைவர் நாலடி பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து யோசித்துவிட்டு, பிறகு ஜன்னலண்டை வந்து எனக்கு விளக்கினான். அந்தக் காரில் பேட்டரியின் பிளஸ் பக்கம் வண்டியின் தகரத்தோடு சேர்ந்திருந்ததாம். இவனுடைய பெட்டியில் மைனஸ் பக்கம் தகரத்தோடு சேர்ந்தது. இரண்டு தகரமும் ஒன்றையொன்று தொட்டதும் ஃபியூஸ் போய்விட்டது.

பிறகு பெட்டிக்கு அடியில் பலகை போட்டு, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினான். ரேடியோவிலிருந்து வரும் கம்பியும் நேராகப் பெட்டிக்குப் போகக்கூடாது என்பதால், பழைய வால்வு ரேடியோ ஒன்றைப் பிரித்து அதிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து நடுவில் கட்டினான். பெட்டியில் பிளேயர் சொருகும் துளை உடைந்து கிடந்ததால் மைக் சொருகும் துளையில் சொருகினான். ரேடியோவை மெதுவாக வைத்தான். குழாய் பாடியது. அதுவரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த முதலாளியே, "இவ்ளோ சின்ன ரேடியோவா இது?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்துக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் கார் வாலாஜாபாத்துக்குப் போனது. மாப்பிள்ளையின் அம்மாவும் உறவுக்காரர்களும் பஸ்ஸில் முன்னாலேயே வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. வழக்கம்போல் கரண்டும் போனது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றினார்கள். எங்கள் தெரு குறுகல், பந்தலையும் போட்டுவிட்டதால் கார் உள்ளே வர முடியாது. தெருமுனையில் நிறுத்தி, அங்கிருந்து மேளதாளத்தோடு குடை பிடித்து மாப்பிள்ளையை அழைத்து வருவதாகப் பேச்சு. அண்ணன் தெருமுனையிலிருந்து பந்தல் வரைக்கும் மூங்கில் நட்டு நீளமாக ஒயர் இழுத்து வைத்திருந்தான். கார் வந்து நின்றதும் டிக்கியைத் திறந்து ஒயரை மாட்டினான்.

நான் உள்ளறையில் இருந்தேன். அம்மா என் பின்னலில் பூவைத் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் குழாய் ஒரு சினிமாப் பாட்டோடு உயிர் பெற்றது. பந்தலில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். கார் தெருமுனையில் இருக்கிறது, பாட்டு எங்கள் வாசலில் கேட்கிறது, எல்லோருக்கும் வேடிக்கை. "பொண்ணோட அண்ணன் பலே ஆளுபா" என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணன் நனைந்துகொண்டே ஓடிவந்து குழாயைச் சரியாகத் திருப்பி வைத்தான்.

மேளக்காரர்கள் வரத் தாமதமானது. மழையில் கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மாப்பிள்ளையும் தாய்மாமனும் உள்ளேயே காத்திருந்தார்கள். டிரைவர் இறங்கி எதிர்வீட்டுக் கூரைக்கு அடியில் ஒதுங்கிவிட்டார்.

பாட்டு பாதியில் நின்றது. குழாயில் லேசான இரைச்சல் மட்டும். அப்புறம் ஒரு குரல் வந்தது.

"நல்லாக் கேளு. மேளக்காரன் வந்ததும் எறங்கணும். நான் கையை அழுத்தினா நில்லு, விட்டா நட."

அம்மா "யாரு மைக்ல பேசறது?" என்று கேட்டாள். பந்தலில் சிலர் சிரித்தார்கள். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். குரல் தொடர்ந்தது. வெண்கலக் குரல். அதை அடையாளம் தெரியாதவர் அங்கே யாருமில்லை.

"நாளைக்கு ஐயர் இன்னா சொன்னாலும் சும்மா வாயை அசை. யாரு இன்னா கேட்டாலும் சிரி. நான் உன் பக்கத்துலயே இருப்பேன். உனக்குக் காது கேக்காதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. தாலி ஏர்ற வரைக்கும் தெரியவும் கூடாது."

சிரிப்பு நின்றது. எனக்கு முதலில் அந்த வார்த்தைகளின் அர்த்தம் பிடிபடவில்லை. யாருக்குக் காது கேட்காது என்று யோசித்தேன். தாய்மாமனுக்கு வேறு யாரோ பையன் இருக்கிறான் போல என்றுகூட நினைத்தேன். அம்மாவின் ஊசி என் பின்னலில் அப்படியே நின்றது.

இன்னொரு குரல் வந்தது. நான் அதுவரை கேட்டிராத குரல். ஆளுக்குப் பொருந்தாத அளவுக்கு உரத்து, ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தது.

"அவங்க வூட்டுல சொல்லிட்டேன்னு சொன்னீங்களே மாமா."

"சொல்லல."

"இன்னா?"

"சொல்லலன்னேன்." தாய்மாமன் கிட்டத்தட்டக் கத்தினார். "சொல்லியிருந்தா பொண்ணு குடுப்பாங்களா? மிஷின் சத்தத்துல காது போச்சுன்னா நாளைக்கு வேலையும் போயிடும்னு தானே நெனப்பாங்க? கல்யாணம் ஆகட்டும், அப்பால பதமா நானே சொல்லிக்கறேன்."

தெருவில் அத்தனை பேர் இருந்தும் தூறல் பந்தல் கீற்றில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அந்த உரத்த குரல் சொன்னது:

"அப்ப அந்தப் பொண்ணு பாடினது? எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் எனக்காகப் பாடுதுன்னு நெனச்சுக்கினு இருந்தேனே மாமா."

தரை நழுவியது என்றெல்லாம் எழுத எனக்கு இஷ்டமில்லை. தரை இருந்த இடத்தில்தான் இருந்தது, அதன் மேல் நான் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தெரியவில்லை. என்னை உலுக்கியது ஏமாற்றுப் பேச்சு இல்லை. அந்தப் பாட்டு. அவர் அதைக் கேட்கவே இல்லை என்பது ஒரு பக்கம். கேட்காதவர் அதை என்னவாக எடுத்துக்கொண்டார் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் என் மேல் வந்து விழுந்தன.

வாசலில் அண்ணன் ஒயரைப் பிடுங்கப் பாய்ந்திருக்கிறான். நைனா அவன் மணிக்கட்டைப் பிடித்து, "வுடு. முழுசாக் கேப்போம்" என்றாராம். அதைப் பின்னால் அண்ணன் சொன்னான்.

அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. டிரைவர் மழையில் ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவர் சொன்னதும் குழாயில் கேட்டது. "சார், நீங்க பேசறதெல்லாம் வெளிய கேக்குது சார்."

பந்தலில் மாப்பிள்ளையின் அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "என்கிட்டயும் சொல்லிட்டேன்னு தானே சொன்னான், என் கூடப் பொறந்தவன்" என்று அழுதுகொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வந்தேன். கார்க் கதவு திறந்தது. மாலையோடு அவர் இறங்கினார். குடை இல்லை, மேளம் இல்லை. அத்தனை முகங்களும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே தெருவின் நடுவில் நடந்து வந்தார். என்ன நடந்தது என்று அந்தத் தெருவில் தெரியாதவர் அவர் ஒருவர்தான். அவரைப் பற்றிய சேதி ஊருக்கே கேட்டிருக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. அதை நினைத்தபோது எனக்கு வந்த அதிர்ச்சி, குரல் வந்தபோது வந்ததைவிடப் பெரியது.

பந்தலுக்குள் வந்து நைனாவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தான், அவரும் பார்த்தார். குழாயிலிருந்து கிளம்பும் ஒயரை அவர் கண்கள் பிடித்துக்கொண்டன. மூங்கில் மூங்கிலாக அந்த ஒயரோடேயே போய், தெருமுனையில் திறந்திருந்த கார் டிக்கியில் நின்றன. மிஷினோடு பழகியவர். யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, எனக்குக் காது கேக்காது. காதண்டை வந்து கத்தினா கொஞ்சம் கேக்கும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுக்கினுதான் வந்தேன்" என்றார். அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலில் அது ஏதோ ஊர்ப் பெயர் சொல்வதுபோல இருந்தது.

நான் எப்போது வெளியே வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பின்னலில் பாதிப் பூவும் தொங்குகிற ஊசியுமாக நின்றேன் என்று அம்மா வாழ்நாளெல்லாம் சொல்லிக்காட்டினாள். "நான் பாடினது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்று கேட்டேன். அவர் என் வாயைப் பார்த்தார். "கொஞ்சம் உரக்க" என்றார்.

நைனா முன்னால் நான் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. ஊரே கூடியிருந்த பந்தலில் அந்தக் கேள்வியை நான் கத்த வேண்டியிருந்தது. கத்தினேன்.

"கேக்கல. பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பேச என்ன இருந்தது? பொய் சொல்லிக் கட்டவந்த கல்யாணம் வேண்டாம் என்றார் நைனா. அவர் யாரையும் திட்டவில்லை. சமைத்துவிட்டார்கள் என்பதால் வந்தவர்கள் எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். தாய்மாமன் காரை விட்டு இறங்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்க முடியாமல் எழுந்துவிட்டார். அதே காரில் அவர்கள் மூவரையும் திருப்பி அனுப்பினோம், மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள். அனுப்புவதற்கு முன் அண்ணன் பேட்டரிக் கம்பிகளைக் கழற்றினான். கழற்றும்போது அவன் அழுததை நான் பார்த்தேன்.

காருக்குள் பேசியது எப்படிக் குழாயில் வந்தது என்று அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. முனி புகுந்தது என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது. இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்த அண்ணன், மூன்றாம் நாள் என்னிடம் வந்து சொன்னான்.

"ஸ்பீக்கரும் மைக்கும் உள்ளுக்குள்ள ஒண்ணுதாம்மா. ரெண்டுலயும் காந்தம், சுருள், மேல ஒரு காகிதம். ரேடியோ ஓடறப்ப அந்தக் காகிதம் பாடும். ரேடியோவை அணைச்சுட்டா எதிர்ல பேசறதை அது வாங்கிக்கும். நான் போட்ட டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பெருசாக்கி உட்டுடுச்சு. ரேடியோவை அணைச்சா என் பெட்டியும் அணையற மாதிரி நான் செஞ்சிருக்கணும். எனக்குத் தோணல."

சாதாரணமாகப் பேசியிருந்தால் அவ்வளவு தெளிவாக வந்திருக்காது என்றும் சொன்னான். காது கேட்காதவருக்குக் கேட்க வேண்டும் என்று ரேடியோவை அணைத்துவிட்டு அந்த மனிதர் கத்தியிருக்கிறார்.

அதற்கப்புறம் தெருவில் எங்கள் கதைதான். தறியில் இருந்தபடியே ஒருவர், "வாயை அசை" என்பார், அடுத்த வீட்டிலிருந்து இன்னொருவர், "இன்னா?" என்று உரக்கக் கேட்பார், சிரிப்பு எழும்பும். அண்ணன் கடைக்கு வந்து, "உன் பெட்டியை என் சம்பந்தி வூட்டுல வெக்கணும்பா" என்று வேடிக்கை பேசுவார்கள். எனக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் வந்தார். நன்றாகப் பேசினார், நன்றாகக் கேட்டார். என்னைப் பாடச் சொன்னார்கள். நான் பாடவில்லை. அவர் போன பிறகு, இந்த மனிதர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ன பேசுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியவே போவதில்லை. ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் எனக்கு அது தெரியும்.

நைனா தறியில் இருந்தபோது போய் நின்றேன். "வாலாஜாபாத்காரரையே கட்டிக்கறேன் நைனா" என்றேன். ஊடை நூலோடு ஓடிக்கொண்டிருந்த நாடா பாதிப் பாவில் நின்றது. அன்று பந்தலில் கலங்காதவர் இதைக் கேட்டுக் கலங்கிப்போனார். "உனக்கு இன்னா பைத்தியமா? ஊரு சிரிச்சது பத்தலையா?" என்று கேட்டார். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அண்ணன்தான் கடைசியில், "கூட்டிக்கினு போறேன். நேர்லயே பேசட்டும்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். அவர்கள் வீடு அரிசி ஆலையை ஒட்டி இருந்தது. மிஷின் ஓடும் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவர் லீவுக்கு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அண்ணன், "இன்னா? இன்னா சொல்ற?" என்று இரண்டு முறை கேட்டான். எதிரில் உட்கார்ந்திருந்த அவர் என் வாயைப் பார்த்து முதல் தடவையிலேயே புரிந்துகொண்டார்.

"வேணாங்க" என்றார்.

எனக்கு அது அடுத்த அதிர்ச்சி. அவர் மறுப்பார் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"பாவம்னு பாத்து ஒருத்தர் என் வூட்டுக்கு வரவேணாம். அது எனக்குக் கஷ்டமா இருக்கும்."

"பாவம்னு வரல. நீங்க காருக்குள்ள பேசினதைக் கேட்டேன். அதனால வந்தேன்."

"அது உங்க காதுல வுழணும்னு பேசினது இல்ல."

"அதனாலதான் வந்தேன்."

ஆலையில் மிஷினை நிறுத்தினார்கள். திடீரென்று வந்த அமைதியில் நானும் அண்ணனும் திடுக்கிட்டோம். அவர் அசையவில்லை. அவருடைய அம்மா உள்ளிருந்து காபி கொண்டுவந்து வைத்தார். "நான் என் தம்பி கூடப் பேசறதை வுட்டுட்டேன்மா" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது மாப்பிள்ளை பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். பஸ் ஏறுவதற்கு முன் அண்ணனிடம், "உங்க நைனா சம்மதிச்சா வரேன். நானே வந்து நானே பேசறேன்" என்றார்.

வந்தார், பேசினார். நைனா அவர் காதருகில் குனிந்து கேள்வி கேட்டார், இந்த முறை வேறு யாரும் பதில் சொல்லவில்லை. கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். எங்கள் வீட்டார், அவருடைய அம்மா, பட்டுக்கடை முதலாளி, அவ்வளவு பேர்தான். தாய்மாமன் வரவில்லை. அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

சந்தோஷமாகக் குடித்தனம் தொடங்கியது என்று எழுதினால் அது உண்மையாகாது. பாடியில் ஒரு ஓட்டு வீட்டில் ஒரு பாகம் வாடகைக்கு எடுத்திருந்தோம். போன முதல் வாரம். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். அம்மா சீராகக் கொடுத்த பித்தளைத் தவலையைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு வந்தேன். கை வழுக்கியது. அது அவருக்கு ஒரு முழம் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அடுத்த பாகத்துக்காரி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. கன்னத்தை இழுத்துப் பிடித்து நிதானமாக வழித்துக்கொண்டிருந்தார்.

காது கேட்காது என்று எனக்குத் தெரியும். ஊர் முழுக்கக் கேட்க அதைத் தெரிந்துகொண்டவள் நான். அதை நானே விரும்பிப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டவள். ஆனாலும் அது என்னவென்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் ஓடிப்போய் அவர் காலைத் தொட்டது. அப்போதுதான் திரும்பினார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார், உருண்டு கிடந்த தவலையைப் பார்த்தார். எழுந்து வந்து அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நசுங்கிய இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"பெருசா ஒண்ணும் இல்ல. கம்பெனிக்கு எடுத்துக்கினு போய்த் தட்டிக் குடுத்துடறேன்" என்றார்.